இரண்டாவது பத்தியில் அடையாறு

1

மூன்று வாரத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மகளுக்கு டப்பாவில் எலுமிச்சை சாதம் அடைத்துக்கொண்டிருந்தபோது கலைச்செல்வி கூப்பிட்டாள். இங்கே போலந்தில் ஏழு மணி என்றால் சென்னையில், பெரும்பாக்கத்தில், பதினொன்றரை. வழக்கமாக அவள் குரல் செய்திதான் அனுப்புவாள். நேராகக் கூப்பிட்டால் ஏதோ ஒரு அலுவலகத்தில் அவளைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

"அக்கா, அடுத்த வாரம் அவருக்கு மொத தெவசம். ஒரே ஒரு ஒதவி பண்ணணும் நீங்க."

"சொல்லு செல்வி."

"அந்தப் படம் வோணும்க்கா. பேப்பர்காரரு வாங்கினு போனாரே, ஸ்வெட்டர் போட்டுக்கினு சிரிப்பாரே, அது. போன்ல கீறதெல்லாம் அங்க போனப்புறம் எடுத்தது. ஒண்ணுலகூட சிரிக்கல."

கேட்டு வாங்கித் தருகிறேன் என்றேன். டப்பாவை மூடினேன். மூடி சரியாக உட்காரவில்லை, எண்ணெய் வழிந்து மகளின் பையெல்லாம் மஞ்சளாகிவிட்டது. அவள் கத்திய கத்தலில் பாதி போலிஷ், பாதி தமிழ். திட்டுவதற்கு மட்டும் இன்னும் தமிழ் வைத்திருக்கிறாள், அந்தமட்டில் சந்தோஷம்.

கலைச்செல்வி தேவராஜின் மனைவி. தேவராஜ் இந்த ஊர்க் கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்து, போன வருஷம் தீ விபத்தில் செத்துப்போனவர். நான் அதைச் சென்னைக்குச் செய்தியாக அனுப்பியவள். அவள் என்னை அக்கா என்கிறாள். அந்தச் சொல்லுக்கு நான் லாயக்கில்லாதவள் என்பதை ஒரு வருஷமாக அவளிடம் சொல்லாமல் இருந்தேன். இந்தக் குறிப்பை எழுத உட்கார்ந்ததே அதனால்தான்.

2

நான் இங்கு வருவதற்கு முன்னால் பன்னிரண்டு வருஷம் ஒரு தமிழ் நாளிதழில் வெளிநாட்டுச் செய்திப் பக்கம் பார்த்தேன். அலுவலகம் ஈக்காட்டுத்தாங்கலில். ஒரு பக்கம் லேத் பட்டறை, மறுபக்கம் அட்டைப்பெட்டி செய்யும் இடம். நடுவில் நாங்கள் உட்கார்ந்து உலகத்தை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் பக்கத்துக்குப் பொறுப்பு கோதண்டம் சார். அவரிடம் ஒரே ஒரு சட்டம் இருந்தது. எந்த நாட்டுச் செய்தியாக இருந்தாலும் இரண்டாவது பத்திக்குள் சென்னை வந்தாக வேண்டும். "டீக்கடையில நின்னுக்கினு படிக்கிறவன் ரெண்டாவது பத்தியில பேப்பரை மடிச்சிடுவாம்மா. மடிக்கறதுக்குள்ள அவன் தெருவைக் காட்டிடு" என்பார்.

காட்டினோம். எங்கோ எரிமலை வெடித்தால் மீனம்பாக்கத்தில் எத்தனை விமானம் தாமதம் என்று கேட்டுப் போட்டோம். எங்கோ சண்டை மூண்டால் தி.நகர் மளிகைக் கடையில் சூரியகாந்தி எண்ணெய் விலை. காட்டுத்தீ என்றால் கிண்டிக் காட்டைப் போல் எத்தனை மடங்கு. ஒருமுறை ஏதோ ஒரு நாட்டில் அணை உடைந்தபோது, மயிலாப்பூர் தெப்பக்குளத்தை வைத்துக் கணக்குச் சொல்ல ஆசைப்பட்டு, விடிகாலையில் குளத்தைச் சுற்றிக் காலடி எண்ணி நடந்தேன். பூக்கட்டுகிற அம்மாள் ஒருத்தி, "இன்னாம்மா, வேண்டுதலா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அன்று அணையை விளக்க எனக்கு வேறு வழி இருக்கவில்லை.

இது மட்டமான வேலை என்று இன்றைக்கும் சொல்ல மாட்டேன். ஒரு தூர தேசத்தில் விளையாட்டு மைதானம் கட்ட ஆற்றங்கரைக் குடிசைகளை இடித்தார்கள். இரண்டாவது பத்தியில் அடையாற்றங்கரையிலிருந்து வண்டியேற்றி அனுப்பப்பட்டவர்களைச் சேர்த்தேன். மறுநாள் ஓர் ஆட்டோக்காரர் அலுவலகத்துக்குப் போன் பண்ணி, "அங்கயும் ராத்திரில வந்துதான் இடிச்சாங்களா?" என்று கேட்டார். அந்த ஒரு கேள்விக்காகவே இந்த வேலையில் இருந்துவிடலாம் என்று அன்று தோன்றியது.

ஆனால் சட்டத்துக்கு ஒரு குட்டிச் சட்டம் உண்டு. சாவுச் செய்தி என்றால் எண்ணெய் விலையெல்லாம் செல்லாது. ஆள் வேண்டும். கோதண்டம் சார் கேட்கும் முதல் கேள்வி, "நம்மாளு எவனாவது கீறானா?" இருந்தால் முதல் பக்கம். இல்லாவிட்டால் உள்ளே, ஜோசியத்துக்குப் பக்கத்தில் நாலு வரி. நானூறு பேர் செத்தாலும் நாலு வரிதான்.

3

கணவருக்கு வேலை கிடைத்து போலந்தின் வடக்கில் இந்தத் துறைமுக ஊருக்கு வந்தபோது மகள் தாராவுக்கு ஆறு வயது. கோதண்டம் சார், "அங்க இருந்துக்கினே எழுதும்மா" என்றார். எழுதினேன். எனக்கு இங்கே வேறு எந்த முகவரியும் இல்லை.

வருஷா வருஷம் வெளிநாட்டவர் அலுவலகத்தில் சீட்டு எடுத்துக்கொண்டு உட்காருவேன். சுவரில் எண் ஓடும். என் எண் வரும்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெண் என்ன தொழில் என்று கேட்பாள். பத்திரிகையாளர். எந்தப் பத்திரிகை? சொல்வேன். இங்கே வருகிறதா? இல்லை. அப்படியானால் 'வேலை இல்லை' என்ற கட்டத்தில் குறி போடுவாள். முதல் இரண்டு வருஷம் சண்டை போட்டேன். மூன்றாம் வருஷம் தாரா எனக்காகப் பேச ஆரம்பித்தாள். எட்டு வயதுப் பெண், எம்பி நின்றுகொண்டு, என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அம்மாவுக்கு வேலை இல்லை" என்று போலிஷில் சொன்னாள். அது புரியும் அளவுக்கு அந்த மொழி எனக்கு வந்திருந்தது, அதுதான் கஷ்டம்.

இப்போது அவளுக்குப் பதின்மூன்று. நான் தமிழில் கேட்டால் போலிஷில் பதில். ஊர்ச் செய்தி சொன்னால் தோளைக் குலுக்குவாள். பத்து லட்சம் வாசகர்களுக்கு உலகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தவள் என்று பீற்றிக்கொண்டவள் நான். பெற்ற பிள்ளைக்கு வேளச்சேரியைப் பக்கத்தில் கொண்டுவர முடியவில்லை.

4

தீப்பிடித்தது ஒரு மார்ச் மாதக் காலை. எங்கள் ஜன்னலிலிருந்தே புகை தெரிந்தது. நம் ஊர்க்காரர்கள் இங்கே வைத்திருக்கும் வாட்ஸாப் குழுவில், பட்டறைக்காரர்களின் விடுதியிலிருந்து ஒரு தம்பி எழுதியிருந்தார்: தேவராஜ் அண்ணன் உள்ளே மாட்டிக்கொண்டார்.

கோதண்டம் சாரிடமிருந்து அதற்குள் செய்தி வந்துவிட்டது. "நம்மாளு?"

விடுதித் தம்பியைக் கூப்பிட்டேன். அழுதுகொண்டே சொன்னார். தேவராஜை வெளியே கொண்டுவந்ததைக் கண்ணால் பார்த்தாராம், உயிர் இல்லையாம். ஊரில் வீடு எங்கே என்று கேட்டேன். ஆறுதலாக ஒரு வார்த்தை சொன்னேனா என்று இன்றுவரை யோசிக்கிறேன். சொன்ன ஞாபகம் இல்லை.

விடுதியில் இருந்த பாஸ்போர்ட் நகலில் அடையாற்றங்கரை முகவரி. நகர நிருபர் ரஃபீக்கை அங்கே அனுப்பினோம். இருபது வருஷம் இந்தச் சந்துகளில் வண்டி ஓட்டியவர், நிதானமானவர். அங்கே இருந்தது வேலியும் புல்லும்தான். வீடுகளை இடித்து, ஆட்களை ஊருக்கு வெளியே பெரும்பாக்கம் அடுக்குமாடிகளுக்கு அனுப்பி நாலு வருஷம் ஆகியிருந்தது. தேவராஜ் முன்பு வேலை பார்த்தது ஈக்காட்டுத்தாங்கலில், எங்கள் அலுவலகத்துக்கு நாலு கட்டிடம் தள்ளி ஒரு பட்டறையில். ரஃபீக் அங்கே விசாரித்து, பெரும்பாக்கத்தில் எந்த பிளாக், எத்தனையாவது மாடி என்று தெரிந்துகொண்டு ஏறினார். சாயங்காலம் ஏழு மணி.

அங்கிருந்து கூப்பிட்டார். மாடிப்படியில் நின்று பேசுகிறார் என்று எதிரொலியில் தெரிந்தது.

"மேடம், இவங்களுக்கு மேட்டரே தெரியாது. கம்பெனில இருந்து எவனும் சொல்லல. உங்க வீட்டுக்காரர் படம் ஒண்ணு வேணும், பேப்பர்ல போடணும்னேன். ஏதோ பரிசு கிரிசு வாங்கிக்கீறாருன்னு நெனச்சினு கீறாங்க. பொண்ணை டீ போடச் சொல்லிட்டு ஆல்பத்த எடுத்து தொடச்சினு கீறாங்க மேடம். நான் சொல்லிடவா?"

இன்னொரு போனில் கோதண்டம் சார். "பக்கத்தை மூடணும்மா. படம் வந்துச்சா இல்லியா?"

சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். அலறுவாள், அக்கம்பக்கம் கூடும், ரஃபீக்கை யாராவது சட்டையைப் பிடிப்பார்கள், படம் வராது. இதெல்லாம் ஒரு நிமிஷத்துக்குள் மனசில் ஓடியது. அதற்கு மேல் ஒரு நியாயமும் கிடைத்தது. சாவைச் சொல்ல வேண்டியது கம்பெனியின் கடமை, நாம் யார்?

"நீ ஒண்ணும் சொல்லாத ரஃபீக். படத்தை வாங்கிக்கினு கிளம்பு. அவங்க முறையா சொல்லிப்பாங்க."

முறையாக. அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது.

ரஃபீக், "சரி மேடம்" என்றார். படத்தை ஆல்பத்திலிருந்து கழற்றி, உறையில் போட்டு, திருப்பித் தருகிறேன் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். டீயையும் குடித்தார். வேண்டாம் என்றால் சந்தேகம் வரும் என்று குடித்ததாகப் பிறகு சொன்னார்.

5

கோதண்டம் சார் இரண்டாவது பத்தியில் ஒரே ஒரு திருத்தம் செய்தார். நான் 'பெரும்பாக்கத்தைச் சேர்ந்த தேவராஜ்' என்று எழுதியிருந்தேன். "பெரும்பாக்கம்னா எவனுக்கும்மா ஒட்டும்? பாஸ்போர்ட்ல அடையாறுதான கீது? அடையாறுன்னு போடு. நிப்பான், படிப்பான்."

அடையாறு என்று போட்டோம். அடையாற்றை விட்டு மூட்டை முடிச்சோடு அனுப்பிய ஊர், செத்த அன்று ஒரு நாள் மட்டும் அவரை அடையாற்றுக்காரராகச் சேர்த்துக்கொண்டது. முதல் பக்கத்தில் மேலே படம். வெயில் ஊரில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, நெற்றி வியர்க்க, பல் தெரியச் சிரிக்கிறார். கீழே, பட்டறைத் தீயில் கருகிப் பலி.

காலையில் கீழ் வீட்டுக்காரம்மாள் பேப்பரை எடுத்துக்கொண்டு மாடிக்கு ஓடியிருக்கிறாள். கம்பெனியின் ஏஜென்ட் முறையாகக் கூப்பிட்டது அன்று மதியம்.

ரஃபீக்கிடம் எண் வாங்கி நானே செல்வியைக் கூப்பிட்டேன். இந்த ஊரில் இருக்கிறேன், ஏதாவது வேண்டுமென்றால் சொல்லு என்றேன். பாவம், அவள் அழுதுகொண்டே நன்றி சொன்னாள். அதன் பிறகு தூதரகம், பட்டறை, மருத்துவமனை என்று நான் அலைந்தது எல்லாமே அந்த நன்றியைக் காதில் கேட்க முடியாமல்தான். போலிஷில் ஆளின் பெயரோடும் வேற்றுமை உருபு ஒட்டும். தமிழச்சிக்கு அதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஆனால் பட்டறை தந்த கடிதத்தில் தேவராஜ், தேவராஜா, தேவராஜோவி என்று மூன்று விதமாக இருந்ததைப் பார்த்து, சென்னையில் ஒரு குமாஸ்தா, "மூணு பேர்ல உன் புருஷன் யாரும்மா?" என்று செல்வியிடம் கேட்டாராம். அதைச் சரிசெய்யவே ஏழு வாரம் ஓடிற்று. பெட்டி வந்தபோது திறக்கக் கூடாது என்று சீல் வைத்திருந்தது. முகம் பார்க்காமலேதான் எரித்தார்கள்.

ஒன்றரை மாதம் கழித்து, அந்தப் பட்டறையில் அவசர வழி பூட்டியிருந்ததைப் பற்றி விடுதிக்காரர்களிடம் பேசிப் பேசி ஒரு நீண்ட கட்டுரை எழுதினேன். என் வாழ்நாளில் எழுதியதிலேயே உருப்படியானது அதுதான்.

"நல்லா கீதும்மா. இதுல மெட்ராஸ் எங்க கீது?"

"தேவராஜ் இருக்காரே சார்."

"அவருதான் அன்னிக்கே வந்துட்டாரேம்மா."

கட்டுரை வரவில்லை.

6

நவம்பரில் சென்னையில் பேய்மழை. அம்மா வேளச்சேரியில் தரைத்தள வீட்டில் தனியாக இருக்கிறாள். இரண்டு நாள் போன் போகவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காலை தாரா கைபேசியை நீட்டினாள். இந்த ஊர்ப் பத்திரிகையின் பக்கம்.

தலைப்பில் இந்த ஊரைச் சேர்ந்த இரண்டு பொறியாளர்கள். வேலையாகச் சென்னைக்குப் போனவர்கள், ஓட்டல் ஏழாவது மாடியில் இருக்கிறார்கள், பத்திரமாக இருக்கிறார்கள், காலை உணவுக்கு ரொட்டி தீர்ந்துவிட்டது. இரண்டாவது பத்தியில் ஒருவரின் தெருப்பெயர். நாங்கள் ரொட்டி வாங்கும் தெரு. சென்னையில் மற்றவர்களுக்கு என்ன ஆயிற்று என்பது கடைசியில், ஒரே வரியில். அந்த ஒரு வரிக்குள் எங்கேயோ என் அம்மா முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள்.

"உன்ன மாதிரியே எழுதியிருக்காங்க, இல்லம்மா?" என்றாள் தாரா. அதிசயமாகத் தமிழில். குத்திக் காட்டுவதற்காகச் சொல்லவில்லை, அது என்னைக் குத்தும் என்று அவளுக்குத் தெரியவும் தெரியாது. குளியலறைக்குப் போய்த் தாளிட்டுக்கொண்டு அழுதேன். அம்மா அன்று சாயங்காலம் கிடைத்துவிட்டாள். நான் அழுதது அம்மாவுக்காக மட்டும் இல்லை.

7

படத்தைத் தேடச் சொல்லி ரஃபீக்கைக் கேட்டேன். அலுவலக மேசையில் 'வெளிநாடு - இறப்பு' என்று எழுதிய உறையில் பத்திரமாக இருந்தது. அதில் இருந்த மற்ற படங்களும் திருப்பித் தருகிறோம் என்று வாங்கியவைதானாம்.

சனிக்கிழமை செல்வியைக் கூப்பிட்டு, படம் கிடைத்துவிட்டது, ரஃபீக் கொண்டுவருவார் என்றேன். அவளுக்குத் தாங்கவில்லை.

"விசா வந்த அன்னிக்கு எடுத்ததுக்கா. தி.நகர்ல ஸ்வெட்டர் வாங்கிக்கினு, கடை வாசல்லயே போட்டுக்கினாரு. போறவன் வர்றவன்லாம் சிரிக்கிறான். பக்கத்துல ஸ்டுடியோல பூந்து, எடுறான்னாரு." சிரித்தாள். பிறகு, "அந்த ரஃபீக் அண்ணன் மேல எனக்கு கோவமே இல்லக்கா. அவருக்கும் அன்னிக்கி தெரியாது போல. தெரிஞ்சிருந்தா சொல்லாம டீ குடிச்சிட்டுப் போவாரா ஒரு மனுசன்?"

அவள் இப்படி நம்பிக்கொண்டிருப்பதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை. இருந்திருக்கலாமோ என்று இப்போதுகூடத் தோன்றுகிறது.

"அவருக்குத் தெரியும் செல்வி. சொல்லவான்னு என்னைக் கேட்டாரு. நான்தான் வேணாம்னேன்."

அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. யாரோ வந்து அதை மூடினார்கள்.

"ஏன்க்கா?"

பக்கத்தை மூட வேண்டியிருந்தது. இரண்டாவது பத்தி காலியாக இருந்தது. படம் இல்லாவிட்டால் உள்ளே போய்விடும். இதில் எதை அவளிடம் சொல்வது? "தப்பு பண்ணிட்டேன்" என்றேன்.

அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"மொதல்லயே சொல்லியிருந்தா வேற படம் குடுத்திருப்பேனேக்கா" என்றாள். "செத்த சேதிக்குப் போய் சிரிக்கிற படத்தக் குடுத்தேன். பாத்துப் பாத்து எடுத்தேன், எதுல நல்லா சிரிக்கிறாருன்னு. ஊரே அத பாத்துச்சு."

வைத்துவிட்டாள். அதன் பிறகு நான் அனுப்பிய எதற்கும் பதில் இல்லை.

தெவசத்துக்கு முதல் நாள் ரஃபீக் படத்தை எடுத்துக்கொண்டு பெரும்பாக்கம் போனார். திரும்பி வந்து கூப்பிட்டார்.

"வாங்கிக்கல மேடம். கோவமா கூட பேசல. உள்ள வாங்கண்ணேன்னாங்க, தண்ணி குடுத்தாங்க. படம் மட்டும் வேணாம்ட்டாங்க. பாஸ்போர்ட் போட்டோவப் பெருசு பண்ணி மாட்டிக்கீறாங்க. மூஞ்சி உர்ருனு கீது. இத இன்னா பண்றது மேடம்? மறுபடியும் ஆபீஸ்லயே வெச்சிடவா?"

"அங்க வேணாம்."

"என்னாலயும் வெச்சிக்க முடியாது மேடம். வூட்டுல வெச்சா நமாஸ் பண்ண நின்னாகூட அந்த டீதான் ஞாபகத்துக்கு வருது."

எனக்கே அனுப்பச் சொன்னேன். உறை நேற்று வந்தது. சுங்கப் படிவத்தில் பொருள் என்ன என்ற கட்டத்தில் ரஃபீக் 'போட்டோ 1' என்று எழுதியிருந்தார். அனுப்பும் காரணம் என்ற கட்டத்தில் எதுவும் எழுதவில்லை.

சமையலறை மேசையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தாரா வந்தாள். பையை இறக்கிவிட்டுக் குனிந்து பார்த்தாள். அந்த முகத்தைப் பார்த்தால் யாருக்கும் சிரிப்பு வரும், அவளுக்கும் வந்தது.

"யாரும்மா இது?"

இத்தனை வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்தது. அடையாற்றைச் சேர்ந்த, என்று தொடங்கிவிட்டேன். நிறுத்திக்கொண்டேன். அவள் கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தன் அறைக்குப் போனாள்.